தெருவிளக்கும் தாசில்தாரும்

ரமணாசிரமத்தில் செப்டம்பர் 1-ம் தேதி விசேஷமான நாள். மதுரையில் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் நோட்டை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி, 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த நாள் அது. (ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொல்லியிருந்தார்களாம். அண்ணனிடம் "ஸ்பெஷல் கிளாஸ்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டதாக வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தக் காலத்திலேயே ஸ்பெஷல் கிளாஸ்!)

2025-ல் அதே செப்டம்பர் 1-ம் தேதி, டெல்லியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கும் ஆசிரியர்கள், எப்போது வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் சரி, இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்கள் வேலையை விட வேண்டும். ஓய்வுக்காலப் பலன்களை வாங்கிக்கொண்டு போகலாம். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாகப் பாக்கி உள்ளவர்கள் அப்படியே இருக்கலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் அமர்வு சொன்ன தீர்ப்பு இது. சிறுபான்மைப் பள்ளிகளின் விவகாரம் மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

ஆக, ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்துகளில் குடியிருக்கும் டீச்சர்கள் வீட்டில் இம்போசிஷன் திரும்பவும் வந்துவிட்டது. இந்தத் தடவை நோட்டைப் போட்டுவிட்டு ரயிலேற முடியாது. வீட்டுக் கடன் இருக்கிறது.

தீர்ப்பு வந்த கையோடு இன்னொன்றும் வந்தது. அறிவுரை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது எப்படி என்று சொல்லித்தர நம் நாட்டில் ஆள் பஞ்சமே கிடையாது. காலை நாலு மணிக்கு எழுந்திருங்கள். டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பஸ்ஸில் போகும்போது படியுங்கள். டிவியை அணையுங்கள். மனமிருந்தால் மார்க்கமுண்டு. தொண்ணூறே நாளில் தேர்ச்சி. யூட்யூபில் தட்டினால் இப்படிக் கொட்டுகிறது. சொல்கிறவர்களில் பாதிப் பேர் கோச்சிங் சென்டர் நடத்துகிறவர்கள், மீதிப் பேர் இருபத்திரண்டு வயதில் வீட்டில் அம்மா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு படித்துத் தேறியவர்கள்.

இந்த டைம்டேபிள் உபதேசம் ஒரு மோசடி. இல்லாத நேரத்தை இருப்பதாகச் சொல்லி, தேறாமல் போனால் பழியைப் படிக்கிறவர் தலையிலேயே போடும் மோசடி.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ரமணாசிரமம் பகுதியில் வாடகைக்கு இருக்கும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். (ஏன் ஊரை விட்டு வேறு எங்காவது போகக் கூடாது என்று கேட்பவர்களுக்கு: செங்கம் பஸ் வாசலிலேயே நிற்கிறது.) வயது நாற்பத்து நாலு. ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவு மூப்பு வரும்வரை காத்திருந்து, 2008 வாக்கில் வேலைக்கு வந்தவர். அப்போது தகுதித் தேர்வு என்று ஒன்றே கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கி அறிவிக்கை வெளியிட்டது 2010 ஆகஸ்ட் 23-ல். அதற்கு முன் முறைப்படி சேர்ந்தவர்களுக்கு அதே அறிவிக்கை விலக்கும் கொடுத்தது. அன்றிருந்த விதி கேட்ட அத்தனையையும் செய்துவிட்டு வந்தவர் அவர். இவரைப் போலத் தமிழகத்தில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அவருடைய பள்ளி செங்கம் தாண்டி ஒரு கிராமத்தில். செங்கம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆக மொத்தம் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்கிறது, பாடத் தயாரிப்பும் சேர்த்து. மிச்சம் 123. ராத்திரித் தூக்கம் ஏழு மணி நேரம் என்று வைத்தால் 49 போயிற்று, மிச்சம் 74. பஸ்ஸுக்கு ஐந்து நாளில் 15, மிச்சம் 59. சமையல், பாத்திரம், துணி, பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாம் சேர்த்து நாளுக்கு நாலு மணி நேரம் என்று குறைத்தே போடுங்கள், 28 போயிற்று, மிச்சம் 31. குளிக்க, சாப்பிட, புடவை கட்ட நாளுக்கு இரண்டு மணி. கடைசியில் நிற்பது 17.

டைம்டேபிள்காரர் இங்கே துள்ளிக் குதிப்பார். "பார்த்தீர்களா, வாரம் பதினேழு மணி நேரம்! இரண்டு வருஷத்துக்கு 104 வாரம், ஆயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு மணி நேரம்! ஐ.ஏ.எஸ்ஸே எழுதலாமே!"

எழுதலாம், அந்தப் பதினேழும் ஒரே பாத்திரத்தில் இருந்தால். அது சிந்திய அரிசி மாதிரி வீடு முழுக்கக் கிடக்கிறது. குக்கர் நாலாவது விசில் அடிக்கும் வரை பத்து நிமிஷம். பஸ் வராத பதினைந்து நிமிஷம். பிள்ளை ட்யூஷனிலிருந்து வரும் வரை இருபது நிமிஷம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு முக்கால் மணி நேரம், கண் எரிய எரிய. பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளையும் கோல்பெர்க்கின் ஒழுக்க வளர்ச்சியையும் இந்தச் சிதறலில் பொறுக்கிப் பொறுக்கிப் படித்துப் பாருங்கள். முந்தாநாள் எங்கே விட்டோம் என்று தேடுவதற்குள் குக்கர் கூப்பிட்டுவிடும்.

அந்த நாலு மணி நேர வீட்டு வேலையையும் கவனியுங்கள். அடுத்த சந்தில் அதே பள்ளியில் வேலை பார்க்கும் ஆண் ஆசிரியர் இருந்தால், அவர் கணக்கில் அநேகமாக அது இராது. வாரம் 28 மணி நேரம் அவருக்கு இலவசம். தேர்வு இருவருக்கும் ஒன்றேதான், மதிப்பெண்ணும் ஒன்றேதான். தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சரி, நாலு மணிக்கு எழுந்தே விடுகிறார் என்று வையுங்கள். பத்தரைக்குப் படுத்து நாலு மணிக்கு மயில் கத்தும்போது எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். ஒரு மாதத்துக்குச் சரி. இரண்டு வருஷத்துக்கு? அந்தத் தூக்கக் கடனை யார் அடைக்கிறார்கள் தெரியுமா? மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தைந்து பிள்ளைகள். மத்தியானம் இரண்டரை மணிக்கு, கழித்தலில் கடன் வாங்குவது எப்படி என்று நாலாவது முறை கேட்கும் பிள்ளைக்கு எரிந்து விழாமல் பதில் சொல்ல, முந்தின ராத்திரி தூங்கிய டீச்சர் வேண்டும். பிள்ளைகளுக்காகத்தான் இந்தத் தேர்வு என்று சொல்லிக்கொண்டு, பிள்ளைகளின் பாட நேரத்தையே தின்னும் ஏற்பாடு இது.

பௌர்ணமியை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஆசிரம வாசல் வழியாகத்தான் போகிறது. மாதம் ஒரு ராத்திரி, விடிய விடிய ஜனக்கூட்டம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். பள்ளி முடிந்து வரும் டீச்சர் அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வீட்டுக்கு வரவேண்டும். புண்ணியம்தான், மறுப்பதற்கில்லை :-) ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அன்றைக்குத் தங்குவதும் இந்த வீட்டில்தான். கார்த்திகை தீபம் வந்தால் அது ஒரு நாளில் முடிகிற சமாசாரமும் இல்லை.

ஊர் எடுத்துக்கொள்ளும் நேரமாவது தெரிந்தே கொடுப்பது. அரசாங்கம் எடுத்துக்கொள்வது வேறு வகை.

2025 நவம்பர் 15, 16 தேதிகளில் தமிழகத்தில் தகுதித் தேர்வு நடந்தது. அதே நவம்பர் 4-ம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, செயலியில் ஏற்றிய வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது கையில் கைடு இருக்க வேண்டியவர்களின் கையில் கணக்கீட்டுப் படிவம். அதோடு தீர்ந்ததா? 2026 தமிழகத்துக்குச் சட்டமன்றத் தேர்தல் ஆண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் கட்டம் 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் என்றும், ஆள் எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில் என்றும் அறிவித்தார்கள். கணக்கெடுப்பு என்றால் வழக்கமாக யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்? உள்ளூர் டீச்சர்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று ஆரம்பித்து, கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இவை தவிர என்று முடிகிறது. நீதிமன்றம் தந்த இரண்டு வருஷத்துக்குள் அந்த விதிவிலக்கில் இரண்டு, அடுத்தடுத்து வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு கை கொடுக்கிறது, இன்னொரு கை பிடுங்குகிறது. இரண்டும் ஒரே உடம்பின் கைகள்.

"வாத்தியார்களுக்கு லீவே ஜாஸ்தி, மே மாசம் சும்மாதானே இருக்கிறார்கள்?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். உண்மைதான், கோடை விடுமுறை மற்ற வேலைக்காரர்களுக்கு இல்லாத வரம். ஒரே மூச்சில் உட்கார்ந்து படிக்கத் தோதான காலம் வருஷத்தில் அது ஒன்றுதான். அதிலும் தேர்தல் ஆண்டின் ஏப்ரல், மே எப்படி இருக்கும் என்பதைப் பணியாணை வாங்கிய எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள்.

"பாடம் நடத்துகிறவருக்குப் பாடத்தில் தேர்வு எழுதத் தெரியாதா?" இது அடுத்த கேள்வி, கொஞ்சம் நக்கலோடு. வினாத்தாள் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஆறு முதல் எட்டு வரை நடத்துகிறவர்களுக்கான இரண்டாம் தாளில் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சிக்கு 30, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30. பாக்கி 60? கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். பதினேழு வருஷமாகத் தமிழ் மட்டுமே நடத்திவரும் தமிழாசிரியரும் இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். அவர் எட்டாம் வகுப்பு வேதியியலையோ டெல்லி சுல்தான்களையோ கடைசியாகத் தொட்டது தன் பள்ளி நாளில். அவருக்கு இது மறுபடி படிப்பது இல்லை, புதிதாகப் படிப்பது. அதற்கு நேரம் வேண்டும்.

நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் மாநிலத்தின் முதல் தகுதித் தேர்வே காட்டிக் கொடுத்தது. 2012 ஜூலை 12. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு அரை ஆள்கூட இல்லை. நாடே சிரித்தது, தமிழக ஆசிரியர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. 150 கேள்விக்குக் கொடுத்திருந்த நேரம் ஒன்றரை மணி என்பதைச் சிரித்தவர்கள் கவனிக்கவில்லை. கேள்விக்கு 36 விநாடி. கணக்கையும் அதற்குள் போட வேண்டும். கூச்சல் எழுந்தது. அந்த அக்டோபரிலேயே துணைத் தேர்வு வைத்து, நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். ஏறத்தாழ 19,000 பேர் தேறினார்கள். மூன்று மாதம் கூடுதலாகப் படித்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் மூன்றே மாதத்தில் தேறியவர்கள் ஏழெட்டு மடங்கு ஆனதற்கு, திடீரென்று எல்லோருக்கும் ஞானம் பிறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்வு அறைக்குள் நேரத்தைக் கொடுத்ததும் ஆட்கள் தேறினார்கள். அறைக்கு வெளியே கொடுத்தாலும் அதுதான் நடக்கும்.

தேர்வே கூடாது என்று இங்கே யாரும் வாதாடவில்லை. சங்கங்கள் சில அப்படித்தான் பேசுகின்றன; அது சரியாகப் படவில்லை. கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல டீச்சர் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் தப்பு என்ன? 2017-ல் சட்டத்தைத் திருத்தி, 2015 மார்ச் 31-ல் பணியில் இருந்து தகுதி பெறாதவர்களுக்கு நாலு வருஷம் தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையின்போதும் தவணை மட்டும்தான் கொடுத்தார்கள், நேரத்தைக் கொடுக்கவில்லை. காலண்டரில் தேதியைத் தள்ளிப் போடுவது சுலபம், காசு செலவில்லை. நேரம் கொடுப்பதற்குக் காசு செலவாகும்.

செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். ஆடிட்டர் படிப்பைப் பாருங்கள். சி.ஏ. மாணவர்கள் மூன்று வருஷம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்துகொண்டே, அதன் கடைசி ஆறு மாதத்திலேயே இறுதித் தேர்வு எழுதலாம் என்று இருந்தது. பகலெல்லாம் ஆடிட், ராத்திரி படிப்பு. 2023 ஜூலை 1 முதல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்பை இரண்டு வருஷமாகக் குறைத்து, அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் இறுதித் தேர்வு என்று மாற்றினார்கள். அந்த ஆறு மாதம் படிப்பதற்கு. வேலையும் படிப்பும் ஒரே ஆள் தலையில் ஒரே நேரத்தில் ஏறினால் இரண்டும் கெடும் என்பதை, கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்.

இங்கே அறிவுரைக்காரர்கள் கடைசி அஸ்திரத்தை எடுப்பார்கள். தெருவிளக்கு! நீதிபதி முத்துசாமி அய்யர் தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வரவில்லையா?

வந்தார். ஆனால் கதையை முழுசாகச் சொல்லுங்கள். 1832-ல் தஞ்சைச் சீமையில் பிறந்து, அப்பாவை இழந்து, மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக இருந்த பையன் அவர். அந்தப் பையனின் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டுபிடித்தவர் முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார். கண்டுபிடித்ததும் அவர் என்ன செய்தார்? "நாலு மணிக்கு எழுந்து படிடா" என்று சொல்லவில்லை. ஒரு ரூபாய் வேலையிலிருந்து எடுத்து நாகப்பட்டினத்துக்குப் படிக்க அனுப்பினார். பிறகு சென்னைக்கும் அனுப்பினார். வேலையிலிருந்து விடுதலை, படிப்பதற்கு நேரம், அதற்கு ஆகும் செலவு. இதற்குப் பிறகுதான் வக்கீல் தேர்வு, முன்சீப் வேலை, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி என்பதெல்லாம். தெருவிளக்கைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தாசில்தாரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. விளக்கைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் செலவில்லை பாருங்கள்.

(ஆசிரமப் புத்தகக் கடையில் விற்கும் வரலாற்றில் இன்னொரு சங்கதியும் உண்டு. ரமணரின் தகப்பனார் சுந்தரம் அய்யரும் இரண்டு ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தாவாக ஆரம்பித்து, மனு எழுதி, பின்னாளில் திருச்சுழியில் சான்றிதழ் இல்லாமலேயே வக்கீல் தொழில் செய்ய அனுமதி பெற்றவர். பரீட்சைக்குப் பதில் அனுபவத்தைப் பார்த்து அனுமதித்த காலமும் இருந்திருக்கிறது. அது திரும்ப வராது, வர வேண்டும் என்றும் இல்லை.)

தாசில்தார் செய்ததை இன்றைக்கு அரசாங்கம் செய்ய முடியாதா? தீர்ப்புக்குப் பிறகு, பணியில் இருப்பவர்களுக்காகவே சிறப்புத் தகுதித் தேர்வுகள் நடத்தத் தமிழக அரசு 2025 அக்டோபரில் ஆணை போட்டது. நல்லது, வாய்ப்புகள் கூடும். ஆனால் தேர்வை மூன்று தடவை வைப்பதும் படிக்க நேரம் தருவதும் ஒன்றா? பயிற்சி வகுப்பு என்று யோசித்தால் அதிகாரிகள் கண்ணில் முதலில் படுவது சனியும் ஞாயிறும்தான். டீச்சரின் அந்தப் பதினேழு மணி நேரத்தில் பாதி இருப்பதே அந்த இரண்டு நாளில். அதை எடுத்துப் பயிற்சிக்குக் கொடுப்பது, அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து அவருக்கே பரிசு கொடுப்பது மாதிரி.

வேண்டியது இவ்வளவுதான். தேர்வு எழுத வேண்டிய ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஓர் அரை நாள், பள்ளி நேரத்தில், சம்பளத்தோடு. தேர்வுக்கு முன் முப்பது நாள் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு. தேறும் வரை வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு வேலைகளிலிருந்து விலக்கு. அந்த வேலைக்குப் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் இளைஞர்களைக் கூலி கொடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

"அப்போ வகுப்பை யார் பார்ப்பது?" 2022-ல் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்பலாம் என்று இதே கல்வித்துறை ஆணை போட்டது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000. அந்தச் சம்பளம் போதுமா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் போடலாம். ஆனால் மாற்று ஆள் போடும் வழி துறைக்குத் தெரியும். தகுதித் தேர்வில் ஏற்கெனவே தேறிவிட்டு, வேலை கிடைக்காமல் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இந்த இரண்டு வருஷம் வகுப்பில் நிறுத்தலாம், கௌரவமான சம்பளத்தோடு. பிள்ளைகளுக்கும் தேறிய டீச்சர் கிடைப்பார், தேற வேண்டிய டீச்சருக்கும் புத்தகத்தோடு உட்கார நேரம் கிடைக்கும்.

தீர்ப்பை எதிர்த்துச் சீராய்வு மனுக்கள் போயிருக்கின்றன. அதில் என்ன வருமோ வரட்டும். டீச்சரால் அதை நம்பிப் புத்தகத்தை மூட முடியாது. 2027 ஆகஸ்ட் முடிவதற்குள் எத்தனை பௌர்ணமி என்று காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, கைடை எடுத்துக்கொண்டு செங்கம் பஸ்ஸில் ஏறுகிறார். உட்கார இடம் இல்லை.